மானிட்டரில் கேட்காத குரல்

கச்சேரியில் மேடையில் பாடுகிறவருக்கு ஒரு சத்தம், கீழே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வேறு ஒரு சத்தம். மிக்ஸர் என்ற பலகையின் முன் உட்கார்ந்து இரண்டையும் பிரித்து அனுப்புவதுதான் கோவர்த்தனனின் பிழைப்பு. பாடகரின் முகத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும் கறுப்புப் பெட்டிக்கு மானிட்டர் என்று பெயர். அதில் வருவது பாடகருக்கு மட்டும். பெரிய வித்வான்கள் சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். மானிட்டரில் தன் குரல் குறைந்தால் அன்றைக்கு மேடை இரண்டாகிவிடும்.

நகரியில் பிறந்து திருப்பதியில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்த கோவர்த்தனன் அந்த மாதிரிக் கோபங்களை நிறையப் பார்த்தவன். ஆனால் ருக்மணியம்மாள் அவனிடம் ஒருநாளும் கோபித்ததில்லை. திருப்பதியில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, டெல்லி, வெளிநாடு வரை பேர் வாங்கிய பாடகி. எந்த ஊரில் கச்சேரி என்றாலும் "எங்க கோவர்த்தனன்தான் மிக்ஸர்ல உட்காரணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அந்த 'எங்க' என்ற சொல்லுக்காக அவன் எத்தனையோ கல்யாண மண்டப ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

போன வருஷம் திருப்பதியில் ஒரு கச்சேரிக்கு முன்னால் ஸ்ரீவல்லி அவனைத் தனியே கூப்பிட்டாள். அம்மாளின் மகள், பின்னால் உட்கார்ந்து கூடப் பாடுகிறவள்.

"அண்ணா, அம்மாவுக்கு மேலே போறச்சே குரல் எட்ட மாட்டேங்கறது. கவனிச்சேளா?"

"கவனிக்காம இருப்பனா வல்லிம்மா? அதைத்தான கேட்டுக்கினு உக்காந்திருக்கேன்."

"அந்த இடம் வந்தா அம்மா மைக்கை இறக்கி என்னை ஏத்திடுங்கோ. மானிட்டர்ல மட்டும் அம்மா குரல் போகட்டும். அவளுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவா."

தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல் வாகு. வல்லி மைக்கில் வாயை ஒட்டி மெல்லப் பாடினாள். கோவர்த்தனன் அவளைச் சபைக்கு ஏற்றினான். அம்மாளின் மானிட்டரில் அவர் குரலோடு கொஞ்சம் எக்கோ கலந்து பிசிறை மறைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைந்துவிட்டதே. "இந்த வயசுலயும் என்ன குரல்" என்று சபை கைதட்டியது, அம்மாளும் சிரித்தார். அதைப் பார்த்துக் கோவர்த்தனனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு புண்ணியம் செய்துவிட்டதாகவே நினைத்தான். அதன்பிறகு எல்லாக் கச்சேரியிலும் அதே ஏற்பாடு.

இந்தத் தை மாதம் சித்தூரில் கச்சேரி. மதியம் மைக் சோதிக்கும்போது ருக்மணியம்மாள் அவனை மேடைக்கு அழைத்தார்.

"இன்னிக்கு மானிட்டர்ல வல்லியையும் போடு. எக்கோ வேண்டாம்."

"ஏம்மா, எப்பவும் போல இருக்கட்டுமே."

"எப்பவும் போலத்தானே வேண்டாம்னு சொல்றேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த வல்லி அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கோவர்த்தனனுக்கு அன்றைக்கு அதுதான் கதி. ஏமாற்ற வழி இல்லாமல் இல்லை. வல்லியின் குரலை அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, மேலே ஏறும் இடத்தில் மட்டும் நைசாக வெட்டிவிடலாம். கேட்டால் ஒயர் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மாலை வரை அதையே யோசித்தான். ஆனால் அம்மாள் வாய்விட்டுக் கேட்டபிறகு, பழைய பொய்யின் மேல் புதிதாக ஒன்றை அடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. எக்கோவை அணைத்தான். வல்லியை மானிட்டரில் போட்டான்.

இரண்டாவது கீர்த்தனையில் பாட்டு மேலே ஏறியது. பழகிப்போன அவன் விரல் சபைக்கு வல்லியை உயர்த்தியது. மானிட்டரில் இரண்டு குரலும் அம்மாளுக்குப் போய்க்கொண்டிருந்தன. வல்லியின் குரல் மேலே போய் நின்றது. அம்மாளின் குரல் பாதியில் திணறியது.

ருக்மணியம்மாள் இடது கையை உயர்த்தி, பின்னால் மகளை நோக்கி, நிறுத்து என்று காட்டினார். வல்லி நிறுத்தினாள். அம்மாள் மிக்ஸர் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவையில்லை. கோவர்த்தனன் வல்லியை இறக்கி அம்மாளை ஏற்றினான்.

அம்மாள் தனியாக ஏறினார். குரல் உடைந்தது. மறுபடி ஏறினார், மறுபடி உடைந்தது. அதை மறைக்க அவன் விரல் துடித்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். மூன்றாவது தடவை அம்மாள் மேலே போகவில்லை. வரியைப் பாதியிலேயே வளைத்து, எட்டுகிற இடத்துக்குள் பாடி முடித்தார். சபா செயலாளர் கோவர்த்தனனிடம் குனிந்து, "அம்மகாரிகி ஒண்ட்லோ பாகலேதா?" என்று, உடம்பு சரியில்லையோ என்ற கவலையோடு கேட்டார்.  

கச்சேரி முடிந்து அவன் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது ருக்மணியம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். வல்லி தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பதிக் கச்சேரியை யாரோ ரெக்கார்டு பண்ணி போன்ல அனுப்பியிருந்தா. மேலே நிக்கற குரல் என்னுது இல்லை. பெத்தவளுக்குப் பொண்ணு குரல் தெரியாதா?"

"தப்புதாம்மா. உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் அப்டி பண்ணிக்கினு இருந்தோம். இனிமே வேற ஆளை வச்சிக்கோங்க."

"வேற ஆள் எதுக்கு? அடுத்த கச்சேரி நாராயணவனத்துல, அதுக்கும் நீயே வா. மிருதங்கக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், சுருதி குறைஞ்ச மிருதங்கத்தை எடுத்துண்டு வருவார்."

கோவர்த்தனன் புரியாமல் பார்த்தான்.

"சுருதியை அரைக் கட்டை இறக்கிண்டா எனக்கு எட்டாதது எட்டும். வயசானா எல்லாரும் பண்றதுதான். நீங்க சொல்லியிருந்தா ஒருநாள் அழுதிருப்பேன். மறுநாள் இறக்கிண்டு பாடியிருப்பேன்." அம்மாளின் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்று கோவர்த்தனனுக்குத் தோன்றியது. "ஒரு வருஷமா ஜனங்க கை தட்டினா, கோவர்த்தனா. என் பாட்டை ஒருத்தரும் கேட்கலை."

கோவர்த்தனன் பாதி சுருட்டிய ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றான்.