ஜோடியாய்ப் போகிற அறை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. "பிடிச்சுட்டேன், வா" என்று இவள் சொன்ன பிறகுதான் அவள் தன் முனையோடு நடந்து வருவாள். முந்திக்கொண்டால் துணி தரையில், மறுபடியும் சலவை.

துணிக்கிடங்குக்கும் ஜோடியாகத்தான் போவார்கள். கிடங்குக்காரனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜோடி போட்டால் போதும் என்று இருந்துவிட்டாள், அங்கே மூத்தவளான பெரியக்கா. புதிதாய் வந்த சிட்டுவோ, 'இதுகளுக்கு ஊர்க்கதை பேச ஒரு சாக்கு' என்று சிரித்துக்கொண்டே தனியாகப் போனாள்.

திரும்பி வந்தவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, "அக்கா, ஆபீசுல சொல்லப்போறேன்" என்றாள்.

"சொல்லி? உன்னைத்தான்டி தப்பாப் பேசுவாங்க. வேலையும் போச்சுன்னா?"

"போனா போகட்டும். நீங்க வர்றீங்களா?"

"உன்னைத் தனியா விட்டுப் பட்டது போதாதா? நட. ஈரக்கையைத் துடைச்சுட்டு வரேன், ஆபீஸ் நாற்காலி பாழாப்போகும்."

புகார் கேட்கும் அதிகாரியம்மா கதவைச் சாத்தினாள். "அவசரமில்லம்மா. உனக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லு."

பெண் அழுது தீர்ப்பாள் என்று வெளுத்த துண்டொன்றை மடித்து எடுத்து வந்திருந்தாள் பெரியக்கா. சிட்டு அழவில்லை. அவன் தாழ்ப்பாள் போட்டது, கை வைத்தது, இவள் வேண்டாம் என்றது, அவன் சிரித்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியக்கா துண்டை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். எத்தனை பேர் தொண்டையோடு விழுங்கிய சொற்கள்! இந்த ஈர்க்குச்சி உடம்பிலிருந்தா இப்படி நிமிர்ந்து வருகின்றன? கூரை இடிந்து விழவில்லை. எதிரே இருந்தவள் முகம் சுளிக்கவில்லை.

ஓரிடத்தில் குரல் நின்றுவிட்டது. சிட்டுவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மேசைக்கடியில் அவள் கையைத் தேடிப் பற்றினாள் பெரியக்கா. "பிடிச்சுட்டேன். வா."

சிட்டு மூச்சை இழுத்தாள். வந்தாள். கடைசிவரைக்கும் வந்தாள்.

"உன் மேல தப்பே இல்ல" என்றாள் அதிகாரி. "விசாரணை முடியறவரைக்கும் அந்த ஆள் இந்தப் பக்கம் வரமாட்டான். போலீசுக்குப் போகணும்னா நானே கூட வர்றேன்." பிறகு பெரியக்காவைப் பார்த்தாள். "நீங்க துணைக்கு வந்தீங்களா?"

"துணைக்குத்தாம்மா வந்தேன்." பெரியக்கா பக்கத்திலிருந்தவளை வியந்து பார்த்தாள். என்ன பெண் இவள்! "இப்ப எனக்கும் சொல்ல இருக்கு, அதே ஆளைப் பத்தி."

மடியிலிருந்த துண்டைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பிடிச்சுட்டேன்க்கா" என்றாள் சிட்டு. "வாங்க."