நூறு மீட்டர் முடியும்வரை

ராதினாவுக்கு நீச்சல் தெரியாது என்பது துடுப்புப் படகு கிளப்புக்குத் தெரியவந்தபோது, அவள் அங்கே சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, நால்வர் படகில் மூன்று பெண்களோடு துடுப்பு வலித்துக்கொண்டிருந்தவள் கண் அசந்துவிட்டாள். துடுப்பு தண்ணீரில் மாட்டி, அவளைத் தூக்கி டான்யூப் ஆற்றில் போட்டது. மற்ற மூவரும் அவள் நீந்தி வருவாள் என்று காத்திருந்தார்கள். அவள் வரவில்லை. பின்னாலேயே மோட்டார் படகில் வந்த கோச் பாவ்லின், அவள் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

கரையில் இறங்கியதும் கேட்டார்.

"நீந்த வேண்டியதுதானே?"

"தெரியாது சார்."

"சேர்ற ஃபாரத்துல தெரியும்னு எழுதியிருக்கியே."

"அடுத்த வாரம் கத்துக்கலாம்னு நெனச்சேன்."

"எந்த அடுத்த வாரம்?"

"போன வருஷம் பிப்ரவரியில."

பாவ்லின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நூறு மீட்டர் நிக்காம நீந்திக் காட்டு. அதுவரைக்கும் படகுப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது."

ராதினாவுக்குப் பதினாறு வயது. படகு வாரத்தில் மூன்று காலை. நாட்டுப்புற நடனம் இரண்டு மாலை. சனிக்கிழமை ஜெர்மன், ஞாயிற்றுக்கிழமை கணக்கு டியூஷன். இதையெல்லாம் அவள் அம்மா செவ்தா நான்கு நிறத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். ஜெர்மன் வகுப்பில் ராதினா நடன அடிகளை எண்ணுவாள். நடனத்தில் கணக்குப் போடுவாள். கணக்கு டியூஷனில் தூங்குவாள். ஒவ்வொரு இடத்திலும் அவளைப் பற்றி ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: கெட்டிக்காரி, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாம்.

அன்று தலைமுடி சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"நூறு மீட்டர் நீந்தற வரைக்கும் நீச்சல் மட்டும்தான். பள்ளிக்கூடம் போவேன். வேற எதுவும் கெடையாது."

"ஜெர்மன்?" என்றாள் செவ்தா.

"அப்புறம்."

"ஜூன்ல பரீட்சைடி."

"நீச்சல் முடிஞ்சதும் அதான்."

"எல்லாத்தையும் சேத்துப் பாக்கற புள்ளைங்க இல்லையா ஊர்ல?"

"இருக்கும்மா. அதுங்களுக்கு நீந்தத் தெரியும்."

அப்பா கிரோ சூப் குடித்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "நான்கூட ஒரே வேலைதான் பாக்கறேன்" என்றார்.

"அது எந்த லட்சணத்துல இருக்குன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள் செவ்தா. அவர் மறுபடி சூப்புக்குத் திரும்பினார்.

மறுநாள் நடன ஆசிரியை தோன்கா தொலைபேசியில் கூப்பிட்டார். மே இருபத்துநான்கு, எழுத்துத் திருநாள் ஊர்வலத்தில் ராதினா வரிசையில் மூன்றாவது ஆள்.

"மூணாவது ஆள் இல்லாம எப்படிம்மா கை கோக்கறது?"

"ரெண்டாவது ஆளும் நாலாவது ஆளும் கோத்துக்கலாம் டீச்சர்" என்றாள் ராதினா. அவள் குறும்பாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னாள். தோன்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

நீச்சல் குளத்தில் ஆரம்ப வகுப்பு ஒன்றுதான் இருந்தது. அதில் எல்லாருக்கும் ஆறு வயது. இடுப்பளவுத் தண்ணீரில் பதினோரு குழந்தைகளும் ராதினாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் குமிழி விட்டார்கள். பக்கத்தில் நின்ற யோவானா என்ற சிறுமி அவளை இரண்டு நாள் கவனித்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, நீங்க எத்தன தடவ ஃபெயில் ஆனீங்க?"

"இதான் முதல் தடவ."

"பயப்படாதீங்க. நான் தண்ணி குடிச்சேன். ஒண்ணும் ஆகல."

முதல் வாரம் ராதினாவும் நிறையக் குடித்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் ஜெர்மன் வினைச்சொற்கள் வந்து நிற்கும், மூச்சு தப்பும், இருமிக்கொண்டு எழுந்திருப்பாள். மூன்றாவது வாரத்தில் அவை வருவது நின்றது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வாரம் பன்னிரண்டு மீட்டர் போனாள். இரவில் ஒன்பது மணிநேரம் தூங்கினாள். காய்ச்சலோ என்று செவ்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே இருபத்துநான்கு விடுமுறை, குளம் மூடியிருந்தது. அம்மாவும் மகளும் நடைபாதையில் நின்று ஊர்வலம் பார்த்தார்கள். மேளம் நெருங்கியது. நடனக் குழு தெருமுனை திரும்பி வந்தது. ராதினா தன் இடத்தைத் தேடினாள். இரண்டாவது பெண்ணும் நான்காவது பெண்ணும் கை கோத்திருந்தார்கள். இடைவெளி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

"நீ இல்லாதது தெரியவே இல்ல பாரேன்" என்றாள் செவ்தா. சொன்ன பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தானேம்மா அப்படி ஆடச் சொன்னேன்" என்றாள் ராதினா.

செவ்தா கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, பேருந்து டிக்கெட் ஒன்று கிடைத்தது. அதையே நீட்டினாள். ராதினா வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை ஜெர்மன் ஆசிரியர் பேசியபோது, ராதினா நீச்சலில் இருக்கிறாள், ஜூன் முதல் வாரம் வருவாள் என்று செவ்தாவே சொல்லிவிட்டாள்.

ஜூன் இரண்டாம் தேதி பாவ்லின் கடிகாரத்தோடு குளத்துக்கு வந்தார். குளத்தின் இருபத்தைந்து மீட்டர் நீளத்தை ராதினா நான்கு தடவை கடந்தாள். அழகாக நீந்தினாள் என்று யாரும் சொல்ல முடியாது. நிற்காமல் நீந்தினாள். யோவானா கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

"நாலு நிமிஷம் அம்பது" என்றார் பாவ்லின். "ஆமைக்கு இது சுமாரான நேரம். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடு."

"பதினெட்டாந்தேதி ஜெர்மன் பரீட்சை சார். முடிச்சிட்டு வரேன்."

"உன் இடம் அதுவரைக்கும் சும்மா இருக்காது."

"சரி சார்."

அவள் தயங்குவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெர்மனில் தேறினாள். முதல் மதிப்பெண் இல்லை. ஆனால் இந்த முறை, 'முயற்சி செய்யலாம்' என்று யாரும் எழுதவில்லை. நடன வகுப்புக்குத் தானே போய், இனி வரமாட்டேன் என்றாள். "நீ ஏப்ரல்லயே போயிட்டேன்னுல நெனச்சோம்" என்றார் தோன்கா.

ஜூன் கடைசியில் கிளப்புக்குப் போனபோது, அவள் இருக்கையில் கெர்கானா என்ற பெண் இருந்தாள். நன்றாகவே துடுப்பு வலித்தாள். பாவ்லின் பழைய ஒற்றைப் படகு ஒன்றைக் காட்டினார். அதில் பேச ஆள் இல்லை, குறை சொல்லவும் ஆள் இல்லை. கோடை முழுக்க ராதினா அதில்தான் இருந்தாள்.

செப்டம்பர் போட்டியில் ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தாள். கிரோ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அஞ்சாவது எங்கேருந்து? முன்னாலேருந்தா, பின்னாலேருந்தா?"

"முன்னாலேருந்துப்பா."

"அப்ப சரி" என்றார் கிரோ. கொண்டுவந்திருந்த பனீத்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தைப் பிரித்து, பெரிய துண்டாகப் பார்த்து அவளிடம் கொடுத்தார்.