மாலை போட்ட வேளையில் வந்தவன்

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் மனைவி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவாள் என்று வசந்தகுமார் நம்பியதில் தப்பில்லை. தோகாவில் அவனோடு அறையில் தங்கியிருந்தவர்கள் அப்படிப்பட்ட வீடியோக்களைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் வேலையை நிறுத்தி வைக்கிறோம், வேண்டுமானால் ஊருக்குப் போய்விட்டு வா என்று கம்பெனியில் சொன்னதும் மறுபேச்சில்லாமல் டிக்கெட் எடுத்தான். கொடைக்கானலில் அறை பிடித்தான். திருச்சிக்குக் கார் கொண்டுவந்த தம்பி சரவணக்குமாரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தான். இலுப்பூர் தாண்டித் தங்கள் ஊருக்குள் கார் நுழையும்போதே தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

சுகுணா கதவைத் திறந்தாள். பச்சைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் முருகன் டாலர் கோத்த துளசி மாலை. அவனைப் பார்த்ததும் கண் விரிந்தது, உதடு துடித்தது, ஒரு கால் வாசலுக்கு வந்தே விட்டது. வந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சாமி" என்றாள்.

சரவணக்குமார் செல்போனை மெல்லக் கீழே இறக்கினான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக அவள் மாலை போட்டிருந்தாள். மாலை போட்டவர்களுக்கு எதிரே வருகிறவர்களெல்லாம் சாமிதான், கட்டிய புருஷனும் அதில் சேர்த்தி. தனித் தட்டு, தனிப் பாய், விரல் நுனிகூடப் படக் கூடாது. மறுநாள் விடிந்தால் ஊர்க்கூட்டம் நடக்கக் கிளம்புகிறது. பழனியில் மாலையைக் கழற்றுகிற அன்றைக்கே அவனுக்குத் திரும்ப விமானம். எப்போதும்போல ஏப்ரலில்தான் வருவான் என்று அவள் நினைத்திருந்தாள். மகராசன் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவள் மாலையே போட்டிருக்க மாட்டாள். இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்ல?

அவன் அம்மா முத்துமாரியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பேரப்பிள்ளையைக் காணோமே என்று மருமகளை மாலை போடச் சொன்னதே அவள்தான்.

"புள்ளை வேணும்னு வேண்டிக்கிட்டா முருகன் புருசனையே அனுப்பி வச்சிருக்கான். இவ என்னடான்னா கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறா" என்று தலையில் அடித்துக்கொண்டு, குருசாமியைக் கூட்டிவர ஓடினாள்.

வருஷா வருஷம் ஊராரைப் பழனிக்கு நடத்திப் போகிறவர் சிவசாமி. அவர்தான் குருசாமி. விவரத்தைக் கேட்டுச் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"இதுக்கு ஏன் கலங்குறீங்க? கோயில்ல மாலையைக் கழட்டி வச்சுட்டு, மன்னிப்புக் கேட்டுக்கிட்டு, புருசனும் பொண்டாட்டியுமா எங்கிட்டாச்சும் போய்ட்டு வாங்க. அடுத்த வருசம் நடந்துக்கலாம். முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

எல்லாரும் வசந்தகுமாரின் வாயையே பார்த்தார்கள்.

"நீங்க சொன்னாக் கழட்டிடுறேன் சாமி" என்றாள் சுகுணா. சொன்னாளே தவிர, டாலரைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சரி என்று சொல்லத்தான் வசந்தகுமார் வாயைத் திறந்தான். இத்தனை மாசத்து ஏக்கம் நெஞ்சுவரை வந்து நின்றது. குளிரும் போர்வையும் அவள் சிரிப்புமாகக் கொடைக்கானல் கண்ணுக்குள் வந்தது. கூடவே போன லீவும் வந்தது. அப்போதும் கொடைக்கானல்தான். படகில் எடுத்த படம் இருக்கிறது, அவள் சோளக்கதிர் கடிக்கிற படம் இருக்கிறது. அந்தப் படகில் அவள் என்ன பேசினாள் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு லீவும் பிரியாணியும் சினிமாவும் மலையும் ஏரியுமாகத் தீர்ந்துபோகும். திரும்பிப் போன கொஞ்ச நாளிலேயே போனில் "சாப்டியா", "சாப்டேன்", "வேற என்ன", "ஒண்ணுமில்ல" என்று பேச்சு வற்றிவிடும்.

"கழட்ட வேணாம். நானும் நடந்து வாரேன்" என்றான்.

அன்று சாயங்காலம் அவன் கழுத்திலும் மாலை விழுந்தது. முத்துமாரியம்மாள் கோபத்தில் இரண்டு பேரோடும் பேசவில்லை.

நடக்கத் தொடங்கிய பிறகுதான் பாவம், அவனுக்கு உறைத்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். அவள் முகத்தைப் பார்க்க வந்தவனுக்குப் பார்க்கக் கிடைத்தது அவள் முதுகு. வெறுங்காலோடு அவள் நடக்கிற வேகம் அவனுக்குப் புதிது. நடந்துகொண்டே பக்கத்தில் வந்த ஊர்க்காரி மோகனப்ரியாவிடம் ஏதோ சொல்வாள். பெண்கள் கூட்டமே குலுங்கிச் சிரிக்கும். தன்னோடு இருக்கையில் இவள் இப்படி யாரையும் சிரிக்க வைத்ததில்லையே என்று அவனுக்குப் பொறாமையாக இருந்தது. விராலிமலையில் தங்கினபோது பெண்களுக்கு ஒரு மண்டபம், ஆண்களுக்கு வேறொரு மண்டபம். தன் பாயில் படுத்துக்கொண்டு, கடல் தாண்டி இருந்ததைவிடச் சுவர் தாண்டி இருப்பது கொடுமை என்று நொந்துகொண்டான். மாலையைக் கழற்றச் சொல்லியிருந்தால் கொடைக்கானல் அறையாவது கிடைத்திருக்கும், ஏன் இந்தக் கிறுக்கு வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

தோகாவில் அவனுக்குக் கிரேன் ஓட்டுகிற வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கால், மணப்பாறை தாண்டியதுமே கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. வையம்பட்டியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"சாமி, பேசாம வேன்ல ஏறிக்கங்க. சட்டி பானையோட நீங்களும் வாங்க" என்றார் சிவசாமி.

எங்கிருந்தோ சுகுணா வந்தாள். ஒரு முழம் தள்ளி எதிரே உட்கார்ந்தாள். சூடம் கொளுத்தி ஊசியை அதில் காட்டி, நூல் கோத்து, ஒரு இலையில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"கொப்புளத்துல குத்தி அந்தப் பக்கமா எடுங்க சாமி. நூலை உள்ளயே விட்டுட்டு ரெண்டு பக்கமும் நறுக்கிருங்க. தண்ணி தானா வடிஞ்சிரும்."

"நீ பண்ணி விடக் கூடாதா?"

"கூடாதே."

அவன் ஊசியைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து அவள் பல்லைக் கடித்தாள். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. இன்னும் ஓரமா. அய்ய, தோலோட சேத்துக் குத்துறீங்களே." அவள் கை தன்னையறியாமல் நீண்டது, பாதி வழியில் நின்றது, மடிக்குத் திரும்பிப் போனது. மறுபடியும் நீண்டது. அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கொப்புளத்து வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"வேன்ல ஏறிக்கங்க சாமி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள், தணிந்த குரலில்.

"நீ கொஞ்சம் மெதுவா நட. அது போதும்."

அதற்குப் பிறகு அவள் முன்வரிசையில் நடக்கவில்லை. நொண்டுகிறவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சிவசாமியும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். சாலையின் ஓரத்தில் அவன், ஒரு கை தள்ளி அவள். அய்யலூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அங்க ஒங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?"

இத்தனை வருஷத்தில் அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. "வெள்ளிக்கெழமை" என்றான். "அன்னைக்கித்தான் லீவு. வேலை இருக்கற நாளு ஓடிரும். வெள்ளிக்கெழமை ஓடவே ஓடாது. துணியைத் தொவச்சுப் போட்டுட்டு, அது காயிறதையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் நடையை இன்னும் தணித்தாள். "அத்தை புள்ளை கேட்டுத்தான் வேண்டச் சொன்னாங்க. நான் அதை வேண்டலைங்க" என்றாள். 'சாமி' போய் 'ங்க' வந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை. "நீங்க வந்துட்டுப் போனா ஒரு மாசத்துல ஒங்க மொகம் எனக்கு மறந்துபோகுது. போட்டோவுல இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு நெனச்சா வர மாட்டேங்குது. அது மறக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்."

வசந்தகுமார் தன் தோகா அறையில் சமைக்கிற ஆள் சாம்பாரில் சர்க்கரை போட்ட கதையைச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் இருவர் வாயும் ஓயவில்லை. அவன் போன புதிதில் தான் விளக்கை அணைக்காமல் தூங்கியதை அவள் சொன்னாள். முதல்முதலாகக் கிரேனில் ஏறியபோது கீழே இறங்க மாட்டேன் என்று அழுததை அவன் சொன்னான். திண்டுக்கல் தாண்டி இடதுகைப் பக்கம் கொடைக்கானல் மலை நீலமாகத் தெரிந்தது. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அவளும்தான் விட்டாள். ஆசை இல்லாமல் போய்விடுமா என்ன? நடக்க நடக்கக் கூடிக்கொண்டுதான் வந்தது.

பழனியில் அரோகராச் சத்தம் காதை அடைத்தது. கூட்டத்தில் இடிபட்டு மலையேறி, சாமியைக் கண்ணில் கண்டும் காணாமலும் இறங்கி வந்தார்கள். சிவசாமி மாலைகளைக் கழற்றினார். கழுத்து வெறுமையானதும் சுகுணா முதல் காரியமாக அவன் கையைப் பிடித்தாள். எல்லார் முன்னாலும்தான் பிடித்தாள்.

திருச்சி வழியாகப் புதுக்கோட்டை போகிற பேருந்தில் ஊர்க்காரர்களோடு ஏறியதில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் அவன் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நடந்து நடந்து ஓய்ந்த தூக்கம். கையை மட்டும் விடவில்லை. எழுப்பினால் இரண்டு வார்த்தை பேசலாம், எழுப்பாவிட்டால் இந்தப் பாரம் இப்படியே தோளில் இருக்கும். அவன் எழுப்பவில்லை. இரண்டு பேரும் நாள்கணக்கில் நடந்து வந்த ஊர்களை எல்லாம் பேருந்து சடசடவென்று பின்னால் தள்ளிக்கொண்டு போவது அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

திருச்சிப் பேருந்து நிலையத்தில் தம்பி அவன் பெட்டியோடு காத்திருந்தான். சுகுணா விழித்து, இடம் புரியாமல் பார்த்து, பிறகு புரிந்துகொண்டாள்.

"எறங்கு. ஏர்போர்ட்டுக்குப் போவோம்" என்றான் அவன்.

"நான் வரலை. இவங்களோட இப்படியே ஊருக்குப் போயிர்றேன்."

"ஏன்?"

"எறங்குனா ஒங்களைப் போக விட மாட்டேங்க" என்றாள்.

அவன் கையை அவளேதான் மெல்லப் பிரித்தெடுத்தாள். நொண்டிக்கொண்டே இறங்கி, அவள் இருந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். போன லீவுகளிலெல்லாம் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுவரை வந்து, சிரித்த முகமாகக் கையாட்டி அனுப்பிவிட்டுப் போனவள்தான். பேருந்து கிளம்பியபோது அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள், கையாட்டவே இல்லை.