படலையடியில் ஒரு கட்டம்

ஒன்றும் பூச்சியமும் மட்டுமே கொண்ட துவித எண்ணை வெண்கட்டியால் எழுதி விளக்கினால் பத்தாம் வகுப்பு கொட்டாவி விடும். அதனால் படம் கீறச் சொன்னேன். எட்டு வரி, வரிக்கு எட்டுக் கட்டம். கறுப்புக் கட்டம் ஒன்று, வெள்ளைக் கட்டம் பூச்சியம். வலது ஓரக் கட்டத்தின் பெறுமதி 1, அதற்கு இடப்பக்கம் 2, பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு வரியையும் ஓர் எண்ணாக மாற்றினால் முழுப் படமும் எட்டு எண்களில் அடங்கிவிடும்.

"உங்கட வீட்டைக் கீறி, எண்களை மட்டும் ஆருக்காவது சொல்லுங்கோ. அவை கீறிப் பாத்துத் திருப்பிச் சொல்லுற எண்களை வைச்சு, பக்கத்தில அந்தப் படத்தையும் கீறுங்கோ."

திங்கட்கிழமை சாரங்காவின் கொப்பியில் ஒரே வீடு இரண்டு தரம் இருந்தது. முதலாவதின் கடைசி வரி 216. இரண்டாவதில் அது 217. வலது மூலையில் தேவையில்லாமல் ஒரு கறுப்புக் கட்டம். எரிச்சலோடு சிவப்புப் பேனையால் பிழை போட்டேன்.

"எட்டு எண்ணை ஒழுங்காச் சொல்லத் தெரியாதே? ஆருக்குச் சொன்னனீ?"

"அம்மாவுக்கு, ரீச்சர். வெளிநாட்டில, கட்டாரில வேலை செய்யிறா. வெள்ளிக்கிழமைதான் கதைக்கலாம்."

"அப்ப அவாக்குப் பிழைச்சுப் போச்சு."

"இல்லை ரீச்சர். வேணுமெண்டுதான் ஒண்டு கூட்டினவா. அந்தக் கட்டம் அவாவாம். எங்கட வீட்டு வாசல் படலையடியில வந்து நிக்கிறாவாம்."

வீட்டுச் சுவருக்கும் அந்தக் கறுப்புக் கட்டத்துக்கும் நடுவில் இரண்டே இரண்டு வெள்ளைக் கட்டங்கள். என் சிவப்புக் கோடு அவற்றுக்குக் குறுக்கே ஓடியிருந்தது.

"வாற வெள்ளிக்கிழமை 218 சொல்லுவாவாம், ரீச்சர்," என்றாள் சாரங்கா. "ஒரு கட்டம் கிட்ட வந்திடுவா."