பேக்கரிக்கு ஒரு புள்ள

1

இந்தக் கதை எனக்குக் கிண்ணியாப் பாதையில் கிடைத்தது. (கரைக்குக் கரை ஆளையும் பஸ்ஸையும் ஏற்றும் மிதவையைத்தான் இங்கே பாதை என்பார்கள். வெளியூர்க்காரர் ரோட்டில் தேடவேண்டாம்.) பக்கத்தில் நின்றவர் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டேன். ஒற்றைச் சொல்லை நம்பி ஒருவன் வேலையை விட்டானாம். கேட்ட அதிர்ச்சியில் கரையில் இறங்க மறந்துபோனேன். பாதை என்னைத் திரும்ப அக்கரைக்கே கொண்டுபோய் விட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மாசி மாதத்து விடியலில், பாண் வாசம் கமழும் அந்த…’

வேண்டாம். பாண் வாசம் இல்லாமல் பேக்கரிக் கதை எழுதமுடியாதா என்ன? நேராகவே சொல்கிறேன்.

முனாப் என்பவருக்கு வீட்டு வளவுக்குள்ளேயே சின்னதாக ஒரு பேக்கரி. மகன் ஹிஸ்புல்லா சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் என்கிற அரசாங்கக் கிடங்கில் கிளாக்கர். படாத பாடுபட்டு எடுத்த வேலை. மகள் நபீஸா வீட்டில் இருந்தாள். 1966இல் ஒருநாள் உம்மா மைமூனா மகனுக்குச் சோறு போட்டபடி சொன்னா:

“வாப்பாக்கு இப்ப ஏலாது. புள்ளயப் பேக்கரிக்கு எடுக்கப் போறாராம். நீங்க என்ன சொல்றீங்க மகன்?”

ஹிஸ்புல்லா பாதிச் சோற்றில் கை கழுவி எழும்பினான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

3

அவன் யோசித்ததைப் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தேன். மாப் பிசைவதென்றாலே அவனுக்கு ஆகாது. உட்கார்ந்து எழுதும் கதிரையை விட்டுவிட்டு நெருப்புச் சூட்டில் போய் நிற்பதா? ஆனாலும் வாப்பா கேட்டிருக்கிறாரே! சின்ன வயதிலிருந்து ‘நீ ஒன்றுக்கும் உதவமாட்டாய்’ என்ற வாப்பா. அந்த ஒரு நினைப்பு மற்றதையெல்லாம் தின்றுவிட்டது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்று கூட வேலைசெய்த கனகரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். அவன் கேட்கவில்லை. வேலையை விட்டான், வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை.

4

இனி வருவதை எழுத எனக்கே கை ஓடவில்லை.

மறுநாள் காலை வாப்பாவின் முன்னால் போய் நின்றான். “எனக்குச் சம்மதம் வாப்பா.”

முனாப் அவனைக் கட்டிப்பிடித்தார். “அல்ஹம்துலில்லாஹ். நீங்க மறுத்திருவீங்களோ எண்டுதான் பயந்தனான். இனி நபீஸா பேக்கரிக்கு வரட்டும்.”

[ஹிஸ்புல்லா அப்போது — என்று ஒரு வசனம் தொடங்கினேன். அதையும் கிழித்தேன்.]

உம்மா சொன்ன ‘புள்ள’ நபீஸா. அவனிடம் கேட்டது காக்காவின், அதாவது அண்ணனின், சம்மதத்தை மட்டும். மேலே போய் அந்த வசனத்தைத் திரும்ப வாசியுங்கள், ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊரில் ஆணும் புள்ளதான், பெண்ணும் புள்ளதான்.

(* இப்படியும் ஒரு வாப்பா உண்டா என்று முனாப்பை நானே சந்தேகித்தேன். ஆனால் இங்கே வழக்கப்படி வீடு மகளுக்குத்தான் சீதனம். வளவும் அவளுக்கு, வளவுக்குள்ளே பாண் சுடுகிற போறணையும் அவளுக்கு. பிறகு வேறு யாரை எடுப்பார்? இதுகூடவா அந்த மடையனுக்கு உறைக்கவில்லை?)

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறான், நபீஸா அழுதுகொண்டே விலகிவிடுகிறாள். வெட்டிவிட்டேன். முடிவு இரண்டு: சீனன்குடாவுக்கு ஓடுகிறான். அவன் கதிரையில் வேறொருவன் இருக்கிறான். அதையும் வெட்டினேன். மூன்றாவது: சிரித்துச் சமாளித்து…

அதற்குள் நபீஸா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். காக்கா என்ன சொல்வாரோ என்று இத்தனை நாளும் அவளுக்கும் ஊணில்லை, உறக்கமில்லை. அழுதாள், சிரித்தாள், அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் முற்றத்து வெயிலைக் கண்டாள்.

“காக்கா, நேரம் போகுதே. இண்டைக்கு வேலைக்குப் போகல்லயா?”

வாப்பாவும் உம்மாவும் அவனைப் பார்க்கிறார்கள். நபீஸா இன்னும் கையை விடவில்லை. என்னால் ஏலாது. வாசகரே, அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.