போன வாரம் எந்தப் பக்கம் போனது?

ஜெப்ஸி அன்று காலையிலிருந்தே போனில் சார்ஜ் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டாள். பின்னே, இரண்டு வருஷ ஆராய்ச்சி பிழைக்குமா சாகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் உமாராணி கீழவைப்பார் கடற்கரைக்கே நேரில் வந்துவிட்டார். காரை விட்டு இறங்கும்போதே, "இன்னைக்கு எனக்கு ஆதாரத்தைக் காட்டு. இல்லேன்னா தலைப்பை மாத்திருவோம். கடற்கரைப் பேச்சுல போர்ச்சுகீசியச் சொற்கள்னு எடுத்துக்கோ, சீக்கிரம் முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டார்.

போர்ச்சுகீசியச் சொற்களை ஏற்கெனவே நாலு பேர் சலித்து எடுத்தாயிற்று. ஜெப்ஸியைப் பிடித்து ஆட்டியது வேறொன்று.

சாத்தான்குளத்துக்காரி அவள். அப்பா அம்மா இருவரும் டீச்சர்கள். மொழியியல் படிக்கப் போன முதல் வருஷம், உருவகம் என்பது கவிஞர்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் அலங்காரம் இல்லை, தக்காளி வாங்கும்போதுகூட நாம் உருவகத்தில்தான் பேசுகிறோம் என்று வகுப்பில் கேட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. விலை ஏறுகிறது, விலைக்கு ஏது கால்? வாரம் வருகிறது, வாரம் போகிறது. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். வருகிறது என்றால் எங்கிருந்து வருகிறது? போன வாரம் எந்தப் பக்கம் போனது? வீட்டில் இதைக் கேட்டதற்கு அம்மா, "ஏளா, நீ காலையில சாப்ட்டியா?" என்றாள்.

ஜெப்ஸியின் ஊகம் இதுதான். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் மனசில் காலம் கடலிலிருந்து வருகிறது, ஊர்ப்பக்கம் போகிறது. வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கை காட்டிக்கொடுத்துவிடும். 'வர்ற வாரம்' என்று சொல்லும்போது கை தன் பாட்டுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். உருவகம் வெறும் சொல்லில் இருக்கிறதா, நினைப்பிலேயே இருக்கிறதா என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

கைதான் அசைய மாட்டேன் என்றது. கேமராவைக் கண்டால் போதும், ஊரே திருவிழாச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டது. சின்ன வயசில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று படம் பிடிக்க உட்கார்ந்த மாதிரி, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு சிலையாகிவிட்டார்கள். வாய் மட்டும் மரியாதையாகப் பேசியது. அப்படியே முப்பது வீடியோ. அத்தனையும் வீண்.

அதனால் அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். மீன் ஏலக் கொட்டகையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, செல்போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து ஓடவிட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். கேள்வியே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் விறைப்பாகத்தான் இருந்தார்கள். கால்பந்து இறுதி ஆட்டம் தள்ளிப்போன விஷயத்தை யாரோ எடுத்தார்கள். அவ்வளவுதான், போனை ஒருவரும் சீந்தவில்லை.

"ஏலே பெவின், போன வாரமே முடிச்சித் தொலைச்சிருக்கலாம்லா?" என்று ஆரம்பித்தாள் மீன் வியாபாரம் செய்யும் கிளாடிஸ். சொல்லும்போது அவள் கை தோளுக்கு மேலே பின்பக்கமாக, ஊரைப் பார்த்துப் பறந்தது.

"போன வாரம் அடிச்ச காத்துக்குப் பந்து வேம்பாருக்குல்லா போயிருக்கும், யக்கா! வர்ற வாரம் வைப்போம்." பெவின்தான் அணித் தலைவன். அவன் கை நேராகக் கடலை நோக்கி நீண்டது.

ஜெப்ஸி பேராசிரியரின் கையைப் பிடித்தே விட்டாள். "மேடம், பாத்தீங்களா? பாத்தீங்களா?"

உமாராணி அசரவில்லை. "எல்லாரும் கடலைப் பாத்துல்ல உட்கார்ந்திருக்காங்க? வரப்போறதை முன்னால காட்டுறாங்க, போனதைப் பின்னால காட்டுறாங்க. உலகத்துல பல மொழியில இப்படித்தான். இதுல கடல் எங்க இருக்கு?"

அது நியாயமான கேள்வி. ஜெப்ஸிக்குக் காற்றுப்போன மாதிரி ஆகிவிட்டது. இவர்களைக் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்காரச் சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் சொன்ன மறுநிமிஷம் கைகள் மடிக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி அடித்தது. சாத்தான்குளத்தில் அவள் போகும் கோயிலில் ஆராதனைக்குத்தான் மணி. மத்தியான மணி அவளுக்குப் பழக்கமில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் சண்டையைப் பாதியில் விட்டு எழுந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே இருக்கும் கோயில் பக்கம் திரும்பி, சிலுவை போட்டுக்கொண்டு மூவேளைச் செபத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். போனுக்கு இப்போது வெறும் முதுகுகள்தான் தெரிந்தன. எல்லாம் போச்சு என்று ஜெப்ஸி பதிவை நிறுத்தப் போனாள்.

"ஆமென்" என்ற கிளாடிஸ் மூச்சுக்கூட விடவில்லை. கோயிலைப் பார்த்தபடியே, "வர்ற வாரம் கொடியேத்தம்லாலே, கோட்டிப்பயலே!" என்றாள். அவள் கை முன்னால் போகவில்லை. முதுகுக்குப் பின்னால், கடலை நோக்கி வீசியது.

ஜெப்ஸியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்போ போன வாரமே சொல்லியிருக்கணும்லா!" என்ற பெவின் கை முன்னால், கோயில் பக்கம் போனது. "சரி, கொடியேத்தம் முடிஞ்சி அதுக்கு அடுத்த வாரம்!" என்று அதே கையைப் பின்னால் வீசினான். எட்டிப் பார்க்க நெருங்கியிருந்த உமாராணியின் மூக்குக்கண்ணாடியில் அது பட்டு, கண்ணாடி மீன் கூடைக்குள் போய் விழுந்தது.

"ஐயோ, மேடம்!" என்று பெவின் பதறினான். ஜெப்ஸிக்குச் சிரிப்பதா குதிப்பதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தாள். ஆள் திரும்பினாலும் காலம் திரும்பவில்லை! வருகிற வாரம் கடலிலேதான் இருந்தது. சந்தோஷத்தில் அவள் கிளாடிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று கிளாடிஸ் முழித்தாள்.

உமாராணி கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, செதில் ஒட்டிய கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "தலைப்பை மாத்த வேண்டாம்" என்றார் கடைசியில். "ஆனா ஒரு ஊர் பத்தாது. கடலே வேண்டாம்னு இருக்கிற ஊர் ஒண்ணும் வேணும். வர்ற மாசம் கமிட்டியில வச்சிருவோம்."

"மேடம், கையை இறக்காதீங்க!" என்று கத்தினாள் ஜெப்ஸி.

'வர்ற மாசம்' என்றபோது உமாராணியின் கை கடலைக் காட்டவில்லை. தோளுக்கு மேலே பின்னால், மேற்கே போய் நின்றிருந்தது. அவர் தன் கையையே வேறு யாருடையதோ மாதிரி திரும்பிப் பார்த்தார். ஆற்றங்கரையில் இருக்கும் ஆத்தூர்க்காரர் அவர். வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. மேற்கேயிருந்து ஆறு வந்தால்தான் அங்கே எல்லாம் வரும்.

கொட்டகை மொத்தமும் கால்பந்தை மறந்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தது. உமாராணி கையை இறக்கவில்லை. இத்தனை வருஷம் வகுப்பில் வராத ஊர்ப்பேச்சு அவர் வாயில் வந்தது.

"ஏளா, வீடியோ எடுத்தியா?"