லயத்துக்குக் கொண்டுபோன பை

எனக்குக் கோபம் வரும். மாத்தளை டவுனில் இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஈர மிளகைக் காய்ந்த மிளகென்று எங்கள் கடைக்குக் கொண்டுவருகிறவர்களிடம் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். “ஊரையெல்லாம் சும்மாதானே ஏசுற றஹீமா, அத நாலு பேருக்குப் பிரயோசனமா ஏசினா என்ன?” என்று என் கணவர் மர்சூக் ஒருநாள் சொன்னார். அந்தப் பேச்சில்தான் நான் ‘தோள்’ அமைப்பில் போய்ச் சேர்ந்தேன்.

படிப்பை விட்டுவிட்டு, தட்டிக் கேட்கவும் தட்டிக் கொடுக்கவும் ஆளில்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவிடுவது அவர்களுடைய வேலை. நமக்குச் சம்பளம் கிடையாது. ஒரு வருடத்துக்கு, வாரத்தில் ஒரு மணித்தியாலம் அந்தப் பிள்ளையோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அலுவலகம். நடத்துகிறவள் ரஜிதா, முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே ஒரு தாளை என் கையில் தந்தாள். பிள்ளைக்கு அன்பளிப்புக் கொடுக்கக் கூடாது. சொல்லாமல் பிள்ளையின் வீட்டுக்குப் போகக் கூடாது. சந்திப்பு அலுவலகத்தில்தான்.

“என்ன மகள், ஜெயில்ல ஆள் பாக்கப் போற மாதிரி இரிக்கி!” என்றேன்.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்குங்க ஆன்ட்டி” என்றாள். காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத காரணமா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த பிள்ளையின் பெயர் பிரின்ஸி. வயது பதினேழு. ஊர் எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தகப்பன் செத்துப்போய்விட்டான், தாய் கொழுந்து பறிக்கிறாள், பிள்ளை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டது. இவ்வளவுதான் ரஜிதா சொன்னாள். மற்றதைப் பிள்ளையாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

மூன்று புதன்கிழமை பிள்ளை வாயே திறக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி என்னதான் இருக்கிறதென்று நானும் பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது. நாலாவது புதன்கிழமை என் போன் செத்துப்போனது. நான் போனையும் அதை விற்ற கடைக்காரனையும் சேர்த்து ஏசிக்கொண்டிருக்க, பிரின்ஸி அதை என் கையிலிருந்து வாங்கி, தலையிலிருந்த ஊசியை எடுத்துச் சார்ஜ் ஏற்றுகிற துவாரத்தை மெல்லச் சுரண்டினாள்.

“தூசிங்க மேடம். போன் நல்லாத்தான் இருக்கு. புதுசு வாங்கச் சொல்லி ஏமாத்துவாங்க, ஏமாந்துறாதீங்க.”

அன்றிலிருந்து பேச்சு வந்தது. மேடம் போய் ஆன்ட்டி ஆனேன். எந்தப் போனுக்கு என்ன வியாதி வரும் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டதில் பாதி விளங்காது. ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. சொந்த மகள் கலியாணம் முடித்துப் போன பிறகு என்னோடு அவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை.

நாலைந்து மாதம் போனதும் அலுவலக ஃபேன் கெட்டுப்போனது. வேர்வையில் இருக்க முடியாமல், எங்கள் வீட்டில் சந்திக்கிறோம் என்று ரஜிதாவிடம் ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கினேன். வீடு கடைக்குப் பின்னால்தான். பிரின்ஸி வருவாள், தேத்தண்ணி ஊற்றுவாள், கோப்பைகளைக் கழுவி வைப்பாள். “அந்த முத்தத்தயும் ஒருக்கா கூட்டிவிடு மகள்” என்றால் மறுபேச்சுப் பேசாமல் கூட்டுவாள். எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை என்று மர்சூக்கிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

இப்படியே மூன்று மாதம் போனது. அப்போதுதான் டவுனிலுள்ள பயிற்சி நிலையத்தில் போன் திருத்தும் வகுப்புக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறு மாதம். தூரத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தங்க விடுதியும் உண்டு. விண்ணப்பத்தை நிரப்பும்போது பிரின்ஸி ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அவ்வளவு ஆசை. நேர்முகப் பரீட்சை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பதினெட்டு வயது ஆகாததால் தாயின் கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளேயே எடுக்கமாட்டார்கள்.

அதற்கு முந்திய புதன்கிழமை அவள் விண்ணப்பத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொண்டுவந்தாள். “அம்மா யோசிக்கிறாங்க, ஆன்ட்டி.”

யோசிக்க என்ன கிடக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே போய்ப் பேசுகிறேன் என்று முடிவெடுத்தேன். ரஜிதாவிடம் சொன்னால் தாளைக் காட்டுவாள். அதனால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு த்ரீவீல் பிடித்து எல்கடுவைக்கு ஏறினேன். ஒரு வீட்டுக்கு முதல் தடவை வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கில்லை. என் மகள் இரண்டு தடவை மட்டும் போட்ட சல்வார் மூன்று, ஒரு பிஸ்கட் டின், ஈத்தம்பழம், எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் அடுக்கி, விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என் மனதில் கள்ளமில்லை. அல்லாஹ் அறிவான்.

தோட்டத்துக் குடும்பங்கள் இருக்கிற வரிசை வீடுகளான லயத்து முன்னால் இறங்கியதும் சனம் வெளியே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அழகமுத்து என்ற கிழவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்.

“ஏ கொறற்றி! ஒம் மவளக் கூட்டிட்டுப் போக நோனா வந்திருக்கு!”

நோனா என்றால் பெரிய வீட்டு எசமானி. பிரின்ஸியின் தாய் மரிய கொறற்றி வாசலுக்கு வந்தாள். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. நான் சலாம் சொல்லுகிற மாதிரி சிரித்து, பையையும் விண்ணப்பத்தையும் நீட்டி, “இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும், பிள்ளைய டவுன்ல தங்க வச்சி நாங்க பாத்துக்குவோம்” என்றேன்.

“எத்தன மாசத்துக்குங்க?” என்றாள் அவள்.

“ஆறு மாசம்.”

“மொத வந்த நோனாம்மாவும் இப்புடித்தாங்க. சட்ட, பிஸ்கட்டு, ஒரு கையெழுத்து. பாத்துக்குவோம்னுதான் சொன்னாங்க. ஏம் புள்ளய வீட்டு வேலைக்கு நான் இனி அனுப்பமாட்டேங்க.”

அவளுக்குப் பின்னால் பிரின்ஸி வந்து நின்றிருந்தாள். அவளும் பையைத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்துக் கணக்கை ஒரே பார்வையில் முடித்துவிட்டது போல் இருந்தது அந்தப் பார்வை. உள்ளே போய்விட்டாள்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. “உங்கட பிள்ளைய வேலைக்கு வைக்க எனக்கென்ன வேற ஆளா கிடைக்கல்ல?” என்று லயமே கேட்கக் கத்தினேன். பையை மட்டும் வாசலில் போட்டுவிட்டுத் த்ரீவீலில் ஏறினேன். பாதி மலை இறங்கும் வரைக்கும் அவர்களை ஏசிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து ரஜிதாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஆன்ட்டி, பையோடயா போனீங்க?” என்று கேட்டாள். பிறகு, இனி மறைத்துப் பயனில்லை என்று சொன்னாள். பிரின்ஸிக்குப் பதின்மூன்று வயதில் ஒரு தரகுப் பெண் பையோடு லயத்துக்கு வந்திருக்கிறாள். படிக்க வைப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கி, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறாள். பதினொரு மாதம். அடி தாங்காமல் ஓடிவந்த பிள்ளையைப் பொலிஸ் பஸ் நிலையத்தில் கண்டெடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை.

நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். மர்சூக் பக்கத்தில் வந்து நின்றார். “அவங்க பயந்ததுல என்ன பிழை? உங்கட உம்மா வீட்டுக்கும் பிள்ளைகள் அப்பிடித்தானே வந்தாங்க” என்றார். அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அது இவ்வளவு காலமும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கே ரஜிதாவையும் ஏற்றிக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். கையில் ஒன்றுமில்லை. உடுத்தாமல் வந்தவள் போல் எனக்குக் கூச்சமாக இருந்தது. விண்ணப்பத்தை ரஜிதாவிடம் கொடுத்திருந்தேன். என் பை, வாசலில் போட்ட இடத்திலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

மரிய கொறற்றி வேலைக்குப் புறப்பட்டு நின்றாள். “இன்னக்கி என்னா கொண்டாந்தீங்க, நோனாம்மா?”

“ஒண்டுமில்ல. நேத்துப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்” என்றேன்.

பிரின்ஸி கதவுக்கருகே வந்தாள். “ஒங்க வீட்டுல வேலைக்குப் புள்ளைங்க இருந்தாங்களா, ஆன்ட்டி?”

பொய் சொல்லியிருக்கலாம். ரஜிதாகூட என் முகத்தைப் பார்த்தாள்.

“இருந்தாங்க. எங்கட உம்மா காலத்துல. ஒருத்தர் போக ஒருத்தரா மூணு பேர். எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வயசு. நான் ஸ்கூலுக்குப் போவேன், அது என்ட சப்பாத்தத் தொடச்சி வைக்கும்.”

“அந்தப் புள்ளயோட பேரென்னா?”

நான் யோசித்தேன். அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் இருக்கிறது. சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. “தெரியாது” என்றேன். “குட்டின்னு கூப்பிட்டோம். மூணு பேரயும் குட்டின்னுதான் கூப்பிட்டோம். பேரக் கேக்கவேயில்ல மகள்.”

அழகமுத்து தன் வாசலை விட்டிறங்கிக் கிட்டே வந்தார்.

“கொழும்பு வீட்டுல எனக்கு மேரின்னு பேரு வச்சாங்க” என்றாள் பிரின்ஸி. “பிரின்ஸிங்கிறது அவங்க மக பேராம். வேலைக்காரிக்கு அந்தப் பேரு வேணாமாம்.”

தாய் திரும்பி மகளைப் பார்த்தாள். “இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்று கேட்கும்போதே அவள் குரல் உடைந்துபோனது.

பிரின்ஸி என்னைத்தான் பார்த்தாள். “ஒங்க வீட்டுலயும் நான் கோப்பை கழுவினேன். மொத நாளு நீங்க சொன்னீங்க. அப்பறம் சொல்லாமலே கழுவினேன். போதும் வைன்னு எப்பவாச்சும் சொல்லுவீங்களான்னு ஒவ்வொரு புதன்கெழமையும் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

ஊரையே ஏசுகிற நான் அன்றைக்கு என்னையே மனதுக்குள் ஏசிக்கொண்டேன்.

மரிய கொறற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரஜிதாவிடம் திரும்பி, “அந்தக் கடுதாசிய மொதல்லேருந்து வாசிங்க. ஒரு எழுத்து விடாம” என்றாள். ரஜிதா வாசித்தாள். வகுப்பின் பெயர், விடுதியின் விலாசம், பொறுப்பாளரின் போன் நம்பர், சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம் என்ற வரி, எல்லாம். தாய் அந்த நம்பருக்கு அங்கேயே போன் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்ததும் தானே பேசினாள். இதையெல்லாம் முதல் தடவை கேட்கத் தெரியாமல் போனதைத் தனக்குள் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அன்றைய வேலையை விட்டுவிட்டு எங்களோடு புறப்பட்டாள். வாசலில் கிடந்த பையை எடுத்து, த்ரீவீலில் ஏறியதும் என் மடியில் வைத்தாள்.

“இத நீங்களே கொண்டு போயிருங்க.”

இறங்குகிற வழியில் பிரின்ஸி ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “இனி ஒங்க வீட்டுக்கு வரமாட்டேன் ஆன்ட்டி. புதன்கெழம ஆபீசுக்கு வாறேன். வேணும்னா நீங்க அங்க வாங்க.”

“ஃபேன் இல்லாட்டியும் வாறேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பயிற்சி நிலையத்தில் ஒன்பதே கால் மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நாங்கள் மூவரும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தாய் செபமாலையை உருட்டினாள். நான் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். கிடைக்காமல் போனால், அந்த ஒரு பையினால்தான் பிள்ளை மனம் கலங்கிப் போனாள் என்று ஆகும். சாகும் வரைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கும். அரை மணித்தியாலம் எனக்கு அரை வருடமாகப் போனது.

கதவு திறந்தது. வெளியே வந்தவள் நேரே தாயிடம் போனாள். காதில் ஏதோ சொன்னாள். தாய் அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். பிறகு பிரின்ஸி ரஜிதாவிடம் சொன்னாள், ரஜிதா துள்ளிக் குதித்தாள். நான் எழும்பவில்லை. என்னிடம் சொல்லாமலே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்றாவதாக என் முன்னால் வந்து நின்றாள்.

“கெடச்சிருச்சி, ஆன்ட்டி.”

“பிரின்ஸி” என்றேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் விக்கி விக்கி அழுதேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் நான் அழுது முடியும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.